தேவதாஸும் ‘தேவ்.டி’யும்: ரங்கூனில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், பெரியவர்களுக்காக மாதம் ஒரு படம் போடுவது எங்கள் வழக்கம். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்தும், இல்லாத நாளில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கியும், சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிப் போடுவோம். அப்படி ‘தேவ்.டி’ என்ற இந்திப் படத்தை மூன்று முறை போட்டாயிற்று. மூன்று முறையும் தேநீர் ஆறுவதற்குள் அதே கேள்விகள்தாம் வந்தன. மோல்மீனிலும் தட்டோனிலும் உள்ள உறவினர்கள் தொலைபேசியில் கேட்பவையும் அவையே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தத் ‘தேவ்.டி’ என்ன படம்? பெயரே விளங்கவில்லையே.

சரத் சந்திர சட்டோபாத்யாயர் வங்காளத்தில் எழுதி 1917-இல் நூலாக வந்த ‘தேவதாஸ்’ நாவலை, செல்பேசியும் இணையமும் வந்துவிட்ட காலத்துக்கு மாற்றி எடுத்த படம் இது. 2009 பிப்ரவரியில் வெளிவந்தது. இயக்கியவர் அனுராக் காஷ்யப்; விக்ரமாதித்ய மோட்வானேயுடன் சேர்ந்து அவரே எழுதினார். தேவாக அபய் தியோலும், நாவலின் பார்வதியான பாரோவாக மாஹி கில்லும், சந்திரமுகியான சந்தாவாக கல்கி கோச்லினும் நடித்தார்கள். பழைய தேவதாஸை இந்தக் காலத்தில் நடமாட விடலாம் என்ற யோசனையை முதலில் கொண்டுவந்தவர் அபய் தியோல்தான்.

படத்தில் கதாநாயகனின் முழுப்பெயர் தேவேந்திர சிங் தில்லான். அதைச் சுருக்கினால் தேவ்.டி ஆகிறது. தேவதாஸ் என்ற பெயரின் சாயலும் அதிலேயே விழுந்துவிடுகிறது.

மூலக்கதை தெரியாமல் பார்த்தால் புரியுமா? கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

புரியும், ஆனால் பாதிச் சுவை போய்விடும். தால்சோனாப்பூர் என்ற வங்காளக் கிராமத்தில் ஜமீன்தார் முகர்ஜியின் மகன் தேவதாஸ். அடுத்த வீட்டுச் சக்கரவர்த்தி குடும்பத்துப் பெண் பார்வதி. இருவரும் ஒன்றாக விளையாடி, சண்டையிட்டு, அடிபட்டு வளர்ந்தவர்கள். தேவதாஸைப் படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்புகிறார்கள். பார்வதிக்கு வயது வந்ததும் அவளுடைய பாட்டி சம்பந்தம் பேசுகிறாள். பெண்ணைக் கொடுத்துப் பணம் வாங்கும் குடும்பம், அதுவும் பக்கத்து வீடு என்று முகர்ஜி வீட்டார் மறுத்துவிடுகிறார்கள். அவமானப்பட்ட தந்தை, ஹாதிபோத்தா என்ற ஊரின் ஜமீன்தாரான புவன் சௌதுரிக்குப் பெண்ணைப் பேசி முடிக்கிறார். மனைவியை இழந்தவர், நாற்பதை ஒட்டிய வயது, வளர்ந்த பிள்ளைகள் உண்டு. பார்வதி ஒரு நள்ளிரவில் தேவதாஸின் அறைக்குத் தனியே சென்று தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாள். அவன் பெற்றோரை எதிர்க்கத் துணியாமல் கல்கத்தாவுக்குப் போய், அங்கிருந்து ஒரு கடிதம் எழுதிக் கைகழுவுகிறான்.

பிறகு மனம் மாறித் திரும்பி வருகிறான். இம்முறை அவள் மறுக்கிறாள். அதன்பின் குடி, சுன்னிலால் என்ற நண்பன், அவன் அழைத்துப் போன இடத்தில் சந்திரமுகி என்ற தாசி. தேவதாஸ் அவளை வெறுக்கிறான், அவளோ அவனுக்காகத் தொழிலையே விட்டுவிடுகிறாள். உடல் நலிந்து சாகும் தறுவாயில், பார்வதிக்குக் கொடுத்த வாக்கை நினைத்து ரயிலிலிருந்து பாண்டுவாவில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து ஹாதிபோத்தாவுக்கு வந்து, அவள் வீட்டு வாசல் மரத்தடியில் யாரென்று தெரியாத பிணமாகக் கிடக்கிறான்.

நாங்கள் பார்த்த ‘உலகே மாயம்’ தேவதாஸும் இதுவும் ஒன்றுதானா?

நாவல் ஒன்று, படம் வேறு. நீங்கள் சொல்வது 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த ‘தேவதாஸ்’. வேதாந்தம் ராகவையா இயக்கத்தில் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்தார்கள். லலிதா சந்திரமுகியாக வந்தார். பாடியவர் கண்டசாலா. இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் படம் வெளிவருமுன்பே, 1952-இல், இளம் வயதில் இறந்துபோனார். எஞ்சிய வேலையை விசுவநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தார்கள்.

‘தேவதாஸ்’ என்ற பெயரைத் தமிழர்கள் ஒரு பொதுச்சொல்லாக ஆக்கிக்கொண்டதற்கு அந்தப் படமே காரணம் என்பது என் எண்ணம். பெண்ணை நினைத்துத் தாடி வளர்ப்பவன் எவனும் நமக்குத் தேவதாஸ்தான். கேலிச்சித்திரத்தில் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கும். நாவலில் அவனோடு கடைசிவரை அலைவது நாயன்று, தர்மதாஸ் என்ற பழைய வேலையாள். அந்தக் கிழவன் ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவனுக்கும் தெரியாமல்தான் தேவதாஸ் இறங்கிப் போகிறான். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்த இடம் சாவுக் காட்சியன்று, இதுதான்.

ஷாருக்கான் நடித்த படத்தைப் பார்த்துத்தானே இதை எடுத்தார்கள்?

இல்லை, ஆனால் அந்தப் படம் இதற்குள் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது (சந்தாவைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்). 1928-இல் ஊமைப் படமாகத் தொடங்கியது இந்த வரிசை. 1935-இல் பி. சி. பரூவா வங்காளத்தில் எடுத்துத் தாமே நடித்தார். அடுத்த ஆண்டு அவரே சைகலை வைத்து இந்தியில் எடுத்தார். அதற்கு ஒளிப்பதிவு செய்த பிமல் ராய், 1955-இல் திலீப் குமார், சுசித்ரா சென், வைஜயந்திமாலா ஆகியோரை வைத்துத் தம் தேவதாஸை எடுத்தார். சஞ்சய் லீலா பன்சாலியின் ஷாருக்கான் படம் 2002-இல் வந்தது.

எது நாவலுக்கு நெருக்கம் என்று கேட்டால் பிமல் ராயின் படத்தைச் சொல்வேன். பன்சாலியின் தேவதாஸ் கல்கத்தாவிலிருந்து வராமல் லண்டனிலிருந்து வருகிறான். பார்வதியும் சந்திரமுகியும் சேர்ந்து ஆடுகிறார்கள். நாவலில் அந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. பிமல் ராய் ஒரு சாலையில் இருவரையும் எதிரெதிரே வரவைத்து, ஒரு சொல்லும் இல்லாமல் கடந்து போகவிட்டார். பன்சாலி அவர்கள் கையைக் கோத்துவிட்டார்.

கதையை எழுதியவர் நம்ம ரங்கூனில் இருந்தவராமே, மெய்தானா?

மெய்தான். சரத் சந்திரர் 1876-இல் ஹூக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில் பிறந்தவர். 1903-இல், இருபத்தாறு வயதில், பிழைப்புத் தேடிக் கப்பலேறி ரங்கூன் வந்தார். முதலில் உறவினரான ஒரு வழக்கறிஞரின் வீட்டில் தங்கினார். பர்மா ரயில்வேயின் தணிக்கை அலுவலகத்தில் தற்காலிக வேலை. பின்னர் பொதுப்பணித் துறைக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. 1916 வரை, ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள், இந்த ஊரில்தான் இருந்தார். பலகாலம் குடியிருந்தது போட்டத்தாங், பசுண்டாங் பக்கத்தில், தச்சரும் கொல்லரும் ஆலைத் தொழிலாளரும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், ஹோமியோபதி மருந்து கொடுப்பார், சண்டையை விலக்குவார். படம் வரைவார், நன்றாகப் பாடுவார்.

நம் தாத்தாக்கள் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்த அதே ஆண்டுகள் அவை. சாந்தி என்ற பெண்ணை இங்கேதான் மணந்தார். 1908-இல் பிளேக் நோயில் அவளையும் ஒரு வயதுக் குழந்தையையும் இங்கேயே பறிகொடுத்தார். 1912-இல் வீடு தீப்பிடித்து, எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படிகளும் வரைந்த படங்களும் சாம்பலாயின. நகரத்தின் அந்த மூலையை நான் வாரத்தில் மூன்று நாள் பேருந்தில் கடக்கிறேன். மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) விற்கும் அம்மாவின் கடைக்குப் பின்னால் நிற்கும் பழைய பர்மாத் தேக்கு வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எந்தத் தெருவாக இருந்திருக்கும் என்று மனம் போய்விடும்.

அப்படியானால் ‘தேவதாஸ்’ ரங்கூனில் எழுதப்பட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமா?

சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை இடம் கொடுக்காது. இங்கு வருவதற்கு முன்பே, இருபத்தைந்து வயதுக்குள், அதை எழுதிவிட்டார். கையெழுத்துப் படி இந்தியாவில் நண்பர்களிடம் இருந்தது. அதனால்தான் மேலே சொன்ன தீயிலிருந்து அது தப்பியது. இளமையில் எழுதியது என்பதால் அதை அச்சிட அவருக்குப் பெருந்தயக்கம் இருந்தது. அவர் ரங்கூனை விட்டுப் போன மறு ஆண்டுதான் புத்தகம் வந்தது. பர்மாவை அவர் எழுதியதைப் படிக்க வேண்டுமென்றால் ‘ஸ்ரீகாந்த’னின் இரண்டாம் பாகத்தையும் ‘பாதேர் தாபி’யையும் எடுங்கள்.

வங்காளத்து ஜமீன் கதை பஞ்சாபுக்கு எப்படிப் பொருந்தும்?

ஜமீன்தார் தொழிலதிபராகிறார், அண்டை வீட்டுக்காரர், அந்த ஆலையில் மேலாளராக இருப்பவராகிறார். இடையில் நிற்கும் சுவர் பழைய சுவரேதான். சுண்ணாம்பு மட்டும் புதியது. கல்கத்தாவின் தாசி வீதிக்குப் பதில் டெல்லியின் பகாட்கஞ்சு விடுதிகள். பொருந்துகிறது.

எல்லாம் சரி, இது ஒருதலைக்காதல் கதைதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் அதிகம் தகராறு செய்வதும் இதற்குத்தான். பார்வதி தேவதாஸை நேசித்தாள். அவனும் அவளை நேசித்தான். இரு பக்கமும் இருந்த அன்பை ஒருதலைக் காதல் என்று எப்படிச் சொல்வது? கேட்டவளிடம் அவன் ‘சரி’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அன்றிரவே முடிந்திருக்கும். நம் அகப்பாட்டு மரபில் இதற்கு வழி ஒன்று உண்டு: பெற்றோர் இசையாவிட்டால் உடன்போக்கு. தலைவனும் தலைவியும் விடியுமுன் ஊரைக் கடந்துவிடுவார்கள். செவிலித்தாய் பாலை வழியில் தேடிப் போவாள். ஊர் சில நாள் பேசிவிட்டு ஓயும். தேவதாஸுக்கு அந்த இரவு வீடு தேடி வந்தது. அவன் போகவில்லை.

தொல்காப்பியர் கைக்கிளையை ஒரு முனையிலும் பெருந்திணையை மறுமுனையிலும் வைத்து நடுவே ஒத்த அன்பான ஐந்திணையை நிறுத்துகிறார். கைக்கிளை ஒருதலைக் காமம். பெருந்திணை பொருந்தாக் காமம். பெருந்திணைக்கு அவர் சொல்லும் குறிப்புகளில் ‘இளமை தீர் திறம்’ என்று ஒன்று, வயது பொருந்தாமை. ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’ என்று மற்றொன்று, தெளிவே இல்லாமல் போன காமம். முன்னது புவன் சௌதுரி வீட்டில் நடப்பது, பின்னது கல்கத்தாவில் தேவதாஸுக்கு நடப்பது. இந்த நாவலை எந்தத் திணையில் வைப்பது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பெருந்திணை என்பேன்.

கைக்கிளை கதைக்குள் இல்லையா என்றால், இருக்கிறது; சந்திரமுகியிடம் இருக்கிறது. தன்னை அருவருக்கும் ஒருவனுக்காக நகையை விற்றுக் கிராமத்தில் போய்க் குடியிருந்து, பிறகு அவனைத் தேடிக் கல்கத்தா வந்து, தெருவில் குடித்துக் கிடந்தவனை எடுத்துப்போய்ப் பேணியவள் அவள். மற்போர் வீரன் கோப்பெருநற்கிள்ளியை எண்ணி நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் உண்டு (83, 84, 85). கைவளை நெகிழ்வதை ஊரிடம் மறைக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் தவிக்கும் அந்தப் பெண்ணின் வரிசையில் வைக்க வேண்டியவள் சந்திரமுகி. ஆனால் ஒருதலைக் காதலன் என்ற பட்டத்தை நாம் நூறாண்டுகளாக வேறு ஆளுக்குச் சூட்டிக்கொண்டிருக்கிறோம். ‘தேவ்.டி’ எனக்குப் பிடித்ததற்கு முதற்காரணம், அந்தப் பட்டத்தை அவன் தலையிலிருந்து இறக்கிவிட்டது என்பதே.

ஒரு கடிதம் எழுதியதற்கா இவ்வளவு பெரிய தண்டனை?

கேட்டவர் எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி. அவருடைய அக்கா 1964-இல் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர். அதன்பின் இருவரும் கடிதத்தில் மட்டுமே வாழ்ந்தார்கள். ஆகவே கடிதத்தின் எடை அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னைச் சோதித்தார் என்று நினைக்கிறேன்.

தேவதாஸின் கடிதத்தில் கொடுமை அவன் மறுத்ததில் இல்லை. ‘உன்மேல் எனக்கு அளவுகடந்த அன்பு இருந்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை’ என்ற பொருளில் எழுதுகிறானே, அதில் இருக்கிறது. பெற்றோருக்குப் பயந்தேன் என்று எழுதியிருந்தால் அது கோழைத்தனம் மட்டுமே. தன் பயத்தை மறைக்க அவளுடைய அன்பைச் சிறுமைப்படுத்தினான். அஞ்சலில் சேர்த்த கையோடு அவனுக்கே அது உறுத்தத் தொடங்குகிறது. ஆனால் கடிதம் அவனை முந்திக்கொண்டு போய்விட்டது. படத்தில் கடிதம் இல்லை. லண்டனில் இருக்கும் தேவ் கேட்டதற்காகப் பாரோ தன் படத்தை எடுத்து இணையத்தில் அனுப்புகிறாள். அவன் ஊருக்கு வருகிறான். வந்தபின் எவனோ ஒருவன் அவளைப் பற்றிச் சொன்ன பொய்யை நம்பி அவளை அவமதிக்கிறான். தானே கேட்டு வாங்கிய துணிச்சலையே அவள்மேல் குற்றமாகத் திருப்புகிறான். கடிதம் செய்த அதே வேலை.

தூண்டில் கழியால் நெற்றியில் அடிப்பானே, அந்தத் தழும்பு படத்தில் எங்கே போயிற்று?

குளக்கரையில் பார்வதி மறுத்துப் பேசும்போது, இவ்வளவு செருக்கு ஆகாது, நிலவுக்கும் களங்கம் உண்டு என்று சொல்லித் தூண்டில் கழியை ஓங்கி அவள் நெற்றியைப் பிளக்கிறான் தேவதாஸ். பழைய படங்கள் அதை ஏதோ காதலின் முத்திரைபோலக் காட்டின. பெண்களும் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். ‘தேவ்.டி’யில் அடி சொல்லாக விழுகிறது. முந்தைய பதிலில் சொன்ன அவமதிப்பே அது. அடித்ததை அழகாக்காமல் விட்டார்களே, அதுவே போதும்.

பெண்பிள்ளை மெத்தையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரும்புக்காட்டுக்குப் போவதெல்லாம் நமக்கு அடுக்குமா?

கேட்டவரின் முகம் சுளித்திருந்தது. அவர் சுளிப்பில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். காட்சி கூச்சப்படுத்தவே எடுக்கப்பட்டது. ஆயினும் 1917-இல் பார்வதி நள்ளிரவில் ஆண் ஒருவனின் அறைக்குள் நுழைந்ததைப் படித்தவர்கள் இதைவிட அதிகமாகச் சுளித்திருப்பார்கள். அகப்பாட்டின் களவொழுக்கத்தில், இரவில் மறைவாகச் சந்திக்கும் இரவுக்குறிக்கு வருபவன் தலைவன். வழியில் பாம்பையும் யானையையும் கடந்து வருபவன் அவன். இங்கே பெண் வருகிறாள். நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று தேவதாஸ் பதறும்போது, ஆற்றில் இத்தனை தண்ணீர் இருக்கிறதே, என் களங்கத்தை மறைக்க அது போதாதா என்கிறாள்.

படத்தில் என்னை நிறுத்தியது போகும்போது உள்ள மெத்தையன்று, திரும்பும்போது உள்ள மெத்தை. அவன் அவமதித்தபின் அதைக் காட்டிலேயே எறிந்துவிட்டு அழுதுகொண்டு ஓடியிருக்கலாம். சினிமாப் பெண்கள் அப்படித்தான் ஓடுவார்கள். இவள் அதைச் சுருட்டி மறுபடியும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு மிதிக்கிறாள். வீட்டுப் பொருள்; விட்டுவிட்டு வர முடியாது. பிற்பாடு திருமணமான பாரோ டெல்லியில் தேவின் விடுதி அறைக்கு வந்து, குப்பையைப் பெருக்கி, அழுக்குத் துணியைத் துவைத்துவிட்டு, அவன் நெருங்கும்போது அவனுடைய இடம் எது என்று காட்டிவிட்டுப் போகிறாள். அங்கும் அதே பெண்தான்.

வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். இந்தியாவிலேயே பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் பெற்ற படம். வகுப்புப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத்தான் நாங்களும் போட்டோம்.

சந்திரமுகியாக வரும் வெள்ளைக்காரப் பெண் யார்? தமிழ் தெரியுமாமே?

கல்கி கோச்லின். பெற்றோர் பிரெஞ்சுக்காரர், 1984-இல் புதுச்சேரியில் பிறந்தவர், ஊட்டியில் படித்தவர், தமிழ் பேசுவார். இது அவருடைய முதல் பெரிய வேடம். துணைநடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

படத்தில் அவள் பெயர் லேனி. பள்ளிக்கூடப் பெண். காதலன் செல்பேசியில் எடுத்த படம் ஊரெங்கும் பரவ, அவமானம் தாங்காமல் தந்தை தன்னையே சுட்டுக்கொள்கிறார். குடும்பமும் கைவிட்டபின் டெல்லியில் சுன்னி என்பவனிடம் சேர்ந்து அந்தத் தொழிலுக்கு வருகிறாள்; பகலில் படிப்பைத் தொடர்கிறாள். 2004-இல் டெல்லிப் பள்ளி மாணவர்கள் தொடர்பாக எழுந்த செல்பேசிப் படப் பரபரப்பின் நிழல் இதில் உண்டு. தொழிலுக்குப் புதுப்பெயர் வேண்டுமென்றபோது, தொலைக்காட்சியில் பன்சாலியின் ‘தேவதாஸ்’ ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மாதுரி தீட்சித்தின் சந்திரமுகியைப் பார்த்துச் ‘சந்தா’ என்று பெயர் வைத்துக்கொள்கிறாள். அவளுடைய பகுதிக்குத் தனி அத்தியாயமே கொடுத்திருக்கிறார்கள். நாவலில் சந்திரமுகி அந்த வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று ஆசிரியர் அதிகம் சொல்லவில்லை. படத்தில் தேவ் அவளைச் சந்திக்குமுன்பே அவளுடைய கதையை நாம் தெரிந்துகொண்டுவிடுகிறோம்.

பாட்டெல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறதே?

கண்டசாலாவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். பதினெட்டுப் பாட்டுகள், அமித் திரிவேதி இசை. அந்த ஆண்டுத் தேசிய விருதில் பாடல்களுக்கான பரிசு இவருக்கும், பின்னணி இசைக்கான பரிசு ‘பழசி ராஜா’ படத்துக்காக இளையராஜாவுக்கும் கிடைத்தன. பாரோவின் கல்யாணத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கும் பாட்டை மட்டும் மறுபடி கேட்டுப் பாருங்கள். ‘உலகே மாயம்’ பாட்டில் பரிதாபப்பட்ட அதே ஆளைக் கல்யாணப் பந்தலில் வைத்துக் கேலி செய்கிற பாட்டு அது.

தேவ் சாகவில்லையே. சாகாதவன் எப்படித் தேவதாஸ் ஆவான்?

இதைக் கேட்காத ஆளே இல்லை. சாவைப் பறித்துக்கொண்டார்கள் என்ற மனக்குறை எல்லோருக்கும் இருக்கிறது. முதலில் நாவலின் முடிவு எப்படி என்று பார்த்துவிடுவோம். யாரென்று தெரியாத பிணத்தை ஊரார் தொடத் தயங்க, சண்டாளர் எடுத்துப் போய் அரைகுறையாக எரிக்கிறார்கள். செய்தி அறிந்த பார்வதி ஓடுகிறாள். வேலையாட்கள் தடுத்து, நினைவிழந்தவளை உள்ளே கொண்டுவருகிறார்கள். கதவு மூடும் பெரிய நாடகமெல்லாம் படங்கள் வளர்த்தெடுத்தவை. கடைசிப் பத்தியில் ஆசிரியர் வாசகனைப் பார்த்து, இத்தகைய துர்ப்பாக்கியசாலிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறார். சாகும்போது அன்புள்ள ஒரு கை நெற்றியைத் தொட்டால் போதும் என்கிறார். காதல் தெய்வமானது என்றோ, இவன் தியாகி என்றோ அவர் சொல்லவில்லை. துர்ப்பாக்கியசாலி என்றுதான் சொன்னார். தியாகியாக்கியது பின்னால் வந்தவர்கள்.

‘தேவ்.டி’யில் அந்தக் கை சாவுக்கு முன்பே வந்துவிடுகிறது. எல்லாம் இழந்து திரியும் தேவ் ஒரு நொடியில் வண்டி மோதிச் சாகத் தெரிந்து தப்புகிறான். தப்பியவன் சந்தாவைத் தேடிப் போகிறான். தான் பாரோவை உண்மையில் நேசிக்கவே இல்லை என்று உணர்ந்து சொல்கிறான். கடிதத்தில் தேவதாஸ் பொய்யாக எழுதியதை, இவன் மெய்யாகவே கண்டுபிடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். படம் மோட்டார் சைக்கிளில் இருவரும் போவதோடு முடிகிறது. இந்த முடிவு கொஞ்சம் எளிதாகக் கிடைத்துவிட்டது என்பதே என் குறை. சந்திரமுகியின் கைக்கிளைக்கு நூறாண்டு கழித்தாவது மறுபக்கம் கிடைத்ததே என்ற ஆறுதலால் அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

குடித்துவிட்டுக் காரை ஏற்றி ஆட்களைக் கொன்றவனையும் மன்னிக்கச் சொல்கிறதா படம்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கேட்டவர் டாக்சி ஓட்டுபவர். 1999-இல் டெல்லியில் பணக்கார வீட்டு இளைஞன் ஓட்டிய காரில் சாலையோரத்தில் நின்றவர்கள் மாண்ட வழக்கை நினைவூட்டும்படி அந்த விபத்து அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் செத்தவர்கள்மேல் படத்துக்கு அக்கறை இல்லை. அவர்கள் தேவின் வீழ்ச்சியில் ஒரு படியாக மட்டும் வந்து போகிறார்கள். நாவலின் தேவதாஸ் கெடுத்துக்கொண்டது தன்னை. தேவ் பிறர் உயிரையும் எடுக்கிறான். அவ்வளவு பெரிய பாவத்தைத் தூக்கி வைத்தால் அதற்கேற்ற கணக்கும் தீர்க்க வேண்டும். தீர்க்கவில்லை. டாக்சிக்காரர் பக்கம்தான் நானும்.

நாவல் தமிழில் இருக்கிறதா?

சரத் சந்திரரை நம் பாட்டிமார் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்துப் படித்த காலம் உண்டு, அ. கி. ஜயராமனும் ஆர். சண்முகசுந்தரமும் அவருடைய பல கதைகளைத் தமிழாக்கினார்கள். என்னிடம் உள்ள ‘தேவதாஸ்’ தாத்தாவின் பிரதி: அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் கரையான் வாயில் போயிற்று. மீதியைப் படிக்க விரும்புவோர் வகுப்புக்கு வந்து அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். இரவல் கொடுப்பதில்லை, இருமுறை கொடுத்து அலைந்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று: எழுதியவரும் குடிப்பவராமே. அவரேதான் தேவதாஸோ?

குடித்தார், ஊர் சுற்றினார், அதனால் அப்படிப் பேச்சு வந்தது. ஆனால் ரங்கூனில் நடந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்லும் ஒரு செய்தி இருக்கிறது. அவர் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் சக்கரவர்த்தி என்ற மிஸ்திரி இருந்தார். தம் மகளை வயதான குடிகாரன் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பணம் பெற்றிருந்தார். ஒரு நாள் சரத் சந்திரர் இரவில் வீடு திரும்பியபோது, தம் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் திறந்தவள் அந்தப் பெண்; ஒளிந்துகொள்ள வேறு இடம் இல்லாமல் அங்கே வந்திருக்கிறாள்.

பெண்ணின் குடும்பப் பெயர் சக்கரவர்த்தி; வயதான மாப்பிள்ளை; நள்ளிரவு; ஆண் ஒருவனின் அறை. சில ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதிய காட்சிக்குள் வந்து நிற்கிறார் மனிதர். அவர் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. பெற்றோரைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை. மணந்துகொண்டார். ரங்கூனைப் பற்றிய பதிலில் நான் சொன்ன சாந்தி அவள்தான்.